மாமா என்று கூப்பிட்ட சாமி

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்து ஊரில் தறி ஓட்டிய வெள்ளியங்கிரிக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் வாசிப்பு. மாதம் தவறாமல் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் துப்பறியும் நாவல் வாங்கிவிடுவார். நூல் அறுந்து தறி நின்றால்கூட, கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகுதான் முடிச்சுப் போடுவார்.

தொண்ணூற்று நாலில் கருப்பராயன் கோயில் வெண்கல மணி காணாமல் போனபோது, அந்தப் பழக்கம் அவர் கழுத்துக்கே வந்தது. இத்தனை களவும் கொலையும் படித்தவன் ஊரில் வேறு யார்? போலீசுக்குப் போகலாம் என்று அவர் சொன்னதும், எடுத்தது அவர்தான் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. போதாக்குறைக்கு, இல்லாத மணி உச்சி வேளையில் ஒலிப்பதை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சாமியையே கேட்பது, சாமி கை காட்டுகிறவன் ஊரை விட்டுப் போவது என்று முடிவானது.

அமாவாசைப் பூசையில் தனபாலுக்கு அருள் வந்தது. வழக்கமாக அவருக்குத்தான் வரும். ஊர்ப் பெரியவர் நஞ்சுண்டனின் மருமகன். கோயில் சாவியும் அவரிடம்தான்.

"டேய்! எம் மணிய எடுத்தவன் இங்கதான்டா நிக்கறான்! புஸ்தகம் படிக்கறவன்டா!"

வெள்ளியங்கிரி படித்த எந்த நாவலிலும் துப்பறிபவனைச் சாமி மாட்டிவிட்டதில்லை.

நஞ்சுண்டன் முன்னால் வந்து கும்பிட்டார். "சாமி, மணி எங்க இருக்குதுன்னு சொல்லிப்போட்டா எடுத்தாந்துருவோம்."

சாமியின் ஆட்டம் நின்றது. தோளில் கிடந்த துண்டு கைக்கு இறங்கியது.

"அது... எனக்குத் தெரியாதுங்க மாமா."

"ஏனுங்க," என்றார் வெள்ளியங்கிரி. "கருப்பராயனுக்கு உங்கூட்டுப் பொண்ண எப்பங்க கட்டிக் குடுத்தீங்க?"

முதலில் சிரித்தது தனபாலின் மாமியார் மயிலாத்தாள்தான்.

அப்புறம் போய்த் தேடியதில், மணி தனபாலின் எருமைக் கொட்டகைக் கூரையில், சாக்குக்குள் தொங்கியது. எருமை தலையாட்டும்போதெல்லாம் கொம்பு பட்டு அடித்திருக்கிறது. ஊரை விட்டுப் போகும் தண்டனை பெரியவர் மருமகனுக்குச் செல்லாது என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் நினைவு வந்தது.

யாராவது பாராட்டுவார்கள் என்று வெள்ளியங்கிரி காத்திருந்தார். வந்தது மயிலாத்தாள்.

"கருப்பராயன் எத்தன கெட்டிக்காரன் பாத்தீங்களா? அந்த வாயிலேயே மாமான்னு வர வெச்சுக் காட்டிக் குடுத்துப்போட்டான். நீங்க குறுக்க பேசாம இருந்திருந்தா சாமி இன்னும் என்னென்னமோ சொல்லியிருப்பான்."

தனபாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்: "மாமான்னு சொன்னது நானில்லீங்க."

வெள்ளியங்கிரி விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கோயிலுக்குப் போய் ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்தினார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.