இடது கை

இருபத்தாறு வயதுக்குப் பிறகு காய் ரா இடது கையால் கத்தி பிடித்ததில்லை. வட பர்மாவில், தனாய் ஆற்றங்கரையில் கச்சின் மக்கள் வாழும் ஊர்களில் இடது கைக்காரிகள் அபூர்வம். அவள் வெட்டிய மூங்கிலின் சாய்வு எதிர்ப்பக்கம் இறங்கும். கூடை முடைபவர்கள்கூட அதைப் பார்த்ததும் யாருடைய வெட்டு என்று சொல்லிவிடுவார்கள்.

அவளுக்கு இருபத்தாறான அந்த ஆண்டு, மழைக்கு முன்பே ஜப்பான்காரனோடு நடந்த சண்டை பள்ளத்தாக்குக்குள் வந்துவிட்டது. அவனை விரட்ட வடக்கிலிருந்து சீனப் படை இறங்கியது. ஹாலிஸ் என்ற அமெரிக்க அதிகாரி ஊருக்கு வெளியே கூடாரம் அடித்திருந்தார். ஆண்கள் அவரோடு ஒளிந்திருந்து சுடுவார்கள்; பெண்கள் மூங்கில் ஆணி சீவித் தீயில் வாட்டித் தருவார்கள். பாதையின் இருபுறமும் புல்லுக்குள் அவற்றை நடுவார்கள். சுடும்போது ஜப்பான்காரன் பதுங்கப் பாய்ந்தால், பாய்ந்த இடத்தில் ஆணி நிற்கும்.

அவள் புருஷன் டூ லும் ஒருநாள் ஒரு ஆணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இதுல செத்தவன் ஆவி யாரையும் விசாரிக்க வேண்டியதில்ல. வெட்டப் பாத்துட்டு நேரா நம்ம வீட்டுக்கே வந்துடும்."

"வரட்டும். நீ வாங்கிவச்ச கள்ள ஊத்திக் குடுத்து அனுப்புறேன்."

"அப்போ அது திரும்பிப் போகவே போகாதே."

ஆணி நட்ட பாதையின் தலைப்பில் புல்லை முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுவது வழக்கம். அதைப் பார்த்தவன் நடுப்பாதையை விட்டு இறங்கமாட்டான். அடையாளம் இருக்கிறதா என்று ஹாலிஸ் கேட்டார். இருக்கிறது என்றார்கள். முடிச்சைக் கண்டும் ஒருவனுக்கு விளங்காமல் போகும் என்பது ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. தங்களுக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்த ஒன்றை மனிதர்கள் உலகத்துக்கே தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சீனப் படைப்பிரிவு ஒன்றை அந்தப் பாதை வழியாக அழைத்து வர டூ லும் போனான். அந்தப் பாதை முழுக்க அவள் ஆணிகள்தான். ஆனாலும் அவளுக்குப் பயம் ஜப்பான்காரனைப் பற்றி மட்டுமே இருந்தது. புருஷன் உயிரோடு திரும்பவேண்டும் என்று வாசலில் நின்று ஆவிகளுக்கு முட்டை நேர்ந்துகொண்டாள்.

மதியத்துக்கு மேல் வந்தார்கள். ஒரு சீனச் சிப்பாய் டூ லும்மை முதுகில் சுமந்துகொண்டு முன்னால் வந்தான். ஷூ பெய்வென் என்று பெயர், மீசை சரியாக அரும்பாத முகம். வாசலில் இறக்கி வைத்தபோதுதான் காய் ரா பார்த்தாள். விலாவில் மூங்கில் செருகியிருந்தது. பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று அப்படியே விட்டிருந்தார்கள். மண்ணிலிருந்து பெயர்ந்து வந்த அடிமுனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் சாய்வு எதிர்ப்பக்கம் இறங்கியது.

அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். 

சீனமும் கச்சினும் தெரிந்த ஷான் இன வியாபாரி ஒருவன், ஷூவிடம் கேட்டு நடந்ததைச் சொன்னான். டூ லும் முடிச்சைத் தொட்டுக் காட்டினான். சிப்பாய்கள் அதை வழிபாடு என்று நினைத்து, மரியாதையாக ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டு நடந்தார்கள். நடுவழியில் அரிசி மூட்டை போட வந்த அமெரிக்க விமானம் மரத்தை உரசுவதுபோல் தாழப் பறந்தது. குண்டுவீச்சில் ஊரையே இழந்த ஷூ, பக்கத்திலிருந்த டூ லும்மை இழுத்துக்கொண்டு புல்லுக்குள் பாய்ந்தான். டூ லும் கத்தினான், ஆனால் கச்சின் மொழியில் கத்தினான்.

டூ லும் கண் திறந்தான்.

"அவன ஒண்ணும் சொல்லாத," என்றான். "காப்பாத்தத்தான் இழுத்தான்."

 வெளிச்சம் மங்குமுன் மூச்சு நின்றது.

ஷூ போகவில்லை. மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினான். பிறகு வியாபாரியிடம் என்னவோ சொன்னான். வியாபாரி அவள் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்க்கும் கடனைக் கழிப்பவன்போல் அதைக் கச்சினில் சொன்னான்.

"இந்த மூங்கில நட்ட ஜப்பான்காரனத் தேடிக் கண்டுபிடிச்சு, அவன் கையை வெட்டிக் கொண்டாந்து உங்க வாசல்ல போடுறேன்னு சத்தியம் பண்றாரு."

யார்மேலும் கோபப்பட வழியில்லாமல் இருந்தது. சீவியவள் சரியாகச் சீவினாள். புல்லை முடிச்சிட்டவர்கள் சரியாக முடிச்சிட்டார்கள். இழுத்தவன் அன்பால் இழுத்தான். விமானம் கொண்டுவந்தது சோறு.

காய் ரா எழுந்தாள். புருஷனின் நீள்கத்தியை உருவினாள். ஷூ பின்வாங்கவில்லை. வாசலில் மிச்சம் கிடந்த மூங்கில் துண்டை எடுத்து, இடது கையால் ஒரே வெட்டாகச் சீவினாள். டூ லும்மின் உடலிலிருந்து எடுத்து வைத்திருந்த ஆணியின் பக்கத்தில் அதை வைத்தாள்.

ஷூ இரண்டையும் பார்த்தான்; இரண்டின் சாய்வும் ஒரே பக்கம் இறங்கியது. பிறகு கத்தி இருந்த கையைப் பார்த்தான். வெட்டிக் கொண்டுவருவதாகத் தான் சத்தியம் செய்த கை அதுதான். வியாபாரி என்ன என்று கேட்டான்.

காய் ரா கத்தியைக் கீழே வைத்தாள்.