பரீட்சை நாளில் வந்த போர்வெல் லாரி

பூமிக்குள் நொறுங்கிய கல்லுக்கு ஒரு சூடான வாசனை உண்டு; மூக்கில் ஏறினால் நாக்கிலும் ஒட்டும். எம்.ரெட்டியபட்டியைச் சுற்றிய வெள்ளாமைக் காடுகளில் யார் போர்வெல் போட்டாலும் லாரியின் முன்னால் போய் நின்று, எத்தனையாவது அடியில் என்ன நிறத்தில் கல்பொடி வருகிறதோ அதைக் காலி டானிக் குப்பியில் அடைத்து, காட்டுக்காரர் பெயரும் ஆழமும் எழுதி அலமாரியில் அடுக்கிவைப்பதுதான் என் சிறுவயது முழுக்க நான் செய்த வேலை.

கல்யாணப் பந்தியிலும் அதையே பேசுவேன். பக்கத்து இலைக்காரி பாயசம் வருமுன்பே இடம் மாறிவிடுவாள். வகுப்பில் என் பெயர் 'கல்லுக் கிறுக்கி'. அது வலித்தது. ஆனால் போர் போட நினைத்த பெரியவர்கள் வீடு தேடி வந்து, "பாப்பா, கெழக்க எத்தன அடியில பாற வந்துச்சு?" என்று கேட்டுப் போவார்கள். அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அதுதான்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று எங்கள் பருத்திக்காட்டிலேயே லாரி வந்து நின்றது. கிணறு வற்றிப்போயிருந்த அப்பாவுக்கு லாரி கிடைத்த நாள் அதுதான். அம்மா திருநீறு பூசி அனுப்பினாள். பஸ்ஸுக்குப் போகும் வழியில் காடு. "ஏ தாயி, பஸ்ஸு போயிரும், வெரசாப் போ" என்று கத்திவிட்டு அப்பா குழியின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரே ஒரு ராடு, அந்த இருபதடி இரும்புக் குழாய், இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று அப்பா கண்ணில் படாமல் லாரிக்குப் பின்னால் நின்றேன். பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கேட்டும் கால் நகரவில்லை.

வெறும் புழுதியாகவே வந்துகொண்டிருந்தது. "இதுக்கு மேல போறது வேஸ்ட்டுங்க, நிறுத்திக்கலாங்க" என்றார் திருச்செங்கோட்டு டிரைவர். அப்பா இடிந்துபோய்த் தலையாட்டப் போனார். அப்போது விழுந்த பொடியை அள்ளினேன்: கறுப்பு, நடுவே வெள்ளைப் பொரி. கிழக்குக் காட்டுக் குப்பியில் இருந்த அதே பொடி. அங்கே அதற்கு இரண்டு ராடு கீழே தண்ணீர்.

"நிறுத்தாதீக! இன்னும் ரெண்டு ராடு விடுங்க!"

அப்பா திரும்பினார். பொடியைப் பார்க்கவில்லை, என் யூனிபாரத்தைப் பார்த்தார். "அடிப் பாவி, நீ போகலையா?" டிரைவரிடம் "விடுங்க" என்று கையைக் காட்டிவிட்டு, ஒருவரின் பைக்கை வாங்கி என்னை ஏற்றினார். பள்ளிக்கூட வாசலில், அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, விட முடியாது என்றார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். கேட் திறக்கவில்லை.

திரும்பி வந்தபோது தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது, ஊரே நனைந்து ஆடியது. அப்பா நேரே வீட்டுக்குப் போய், அத்தனை குப்பிகளையும் சாக்கில் கட்டிப் பாழுங்கிணற்றில் போட்டார்.

மறுதேர்வு எழுதித் தேறினேன். முப்பது வயதுக்கு மேல்தான் என் இயல்புக்கு ஆட்டிசம் என்று பெயர் உண்டென்று ஒரு மருத்துவர் சொன்னார். இன்று நிலத்தடி நீர் பார்த்துச் சொல்வதே என் பிழைப்பு. வேலை நடக்கும் இடத்தில் யாராவது கையைப் பிடித்து இழுத்தால்தான் சாப்பிடுவேன். அந்தப் போர் வற்றிவிட்டது, பருத்திக்காட்டில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அப்பா உறவுக்காரர்களிடம், "எம்மக சொன்ன எடத்துல தண்ணி தப்பாது" என்று பெருமையடித்துக்கொள்கிறார். பரீட்சையைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. பேசினால், அதே காலை மறுபடி வந்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அப்போதும் நான் லாரிக்குப் பின்னால்தான் நின்றிருப்பேன்.