அக்கா பிணை நின்ற பயணம்

டென்மார்க்கில் எங்கள் கம்பனியின் தலைமைக் கந்தோரில் என்னை முதலில் திடுக்கிட வைத்தது ஒரு வெறும் அறை. பட்டப்பகல். உள்ளே ஆளில்லை, ஆனால் கூரை முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கை பொறுக்கவில்லை. போய் நிற்பாட்டினேன். பக்கத்து அறையிலும் நிற்பாட்டினேன். மூன்றாவது அறைக்கு யன்னலே இல்லை. அங்கே அலுமாரிக்குப் பின்னால் ஒரு மனுசன் இருந்து பம்புப் படம் கீறிக்கொண்டிருப்பார் என்று நான் கண்டேனா? இருட்டுக்குள்ளிருந்து அவருடைய பாஷையில் ஏதோ சத்தம் வந்தது. நான் ஓட்டமெடுத்தேன்.

கிளிநொச்சியில் அப்போது மின்சாரம் போய் வருசக்கணக்கு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அந்த மினுக்கில்தான் சோறு தின்றோம், பிள்ளைகள் படித்தார்கள். அப்படி இருந்தவளைக் கொண்டுபோய் அந்த வெளிச்சத்துக்குள் விட்டால் வேறு என்ன செய்வாள்?

குழாய்க்கிணற்றுக்குக் கைப்பம்பு செய்கிற கம்பனி அது. கிளிநொச்சியில் அதற்கு ஒரு சின்னக் கிளை இருந்தது. நான் அங்கே உதிரிப்பாகக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாட்டுக் கிளையிலிருந்தும் ஒருவரைத் தலைமைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் கிளையில் ஆங்கிலம் பேசக் கூச்சப்படாதவள் நான்தான். வாயாடி என்று வீட்டில் வாங்கின பேச்செல்லாம் அன்றைக்குப் பலனாகிவிட்டது.

எங்கள் வன்னி அப்போது இயக்கத்தின் கட்டுப்பாட்டில்; அதைவிட்டு வெளியே போக அவர்கள் தரும் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பும்வரை பிணை நின்றவர் ஊரைவிட்டு அசைய முடியாது; திரும்பாவிட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அக்கா பிணை நின்றா. அத்தானை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோன பிறகு, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வயல் செய்து சீவித்தவ. கேட்டதும் யோசிக்காமல் கையெழுத்து வைத்தா. எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. குடையை இரவல் கொடுப்பதுபோல ஆளுக்கு ஆள் பிணை நிற்போம்.

அந்தக் கந்தோரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் நிறையும். ஆனால் அங்கே கண்டதெல்லாம் அதிர்ச்சிதான். கம்பனியின் டைரக்டர் கோப்பி குடித்த கோப்பையைத் தானே கழுவினார். பதறிப்போய் நான் பறிக்கப் போக, அவர் விடவில்லை. குழாயடியில் இருவரும் இழுபறிப்பட்டோம். படம் கீறுகிறவர் காலையில் என்னைக் கண்டதும் ஓடிப்போய் விளக்கு ஆளியைக் கையால் மூடிக்கொள்வார். பிறகு இரண்டு பேரும் சிரிப்போம்.

கடைசி நாளுக்கு முதல்நாள், அவரவர் கிளையைப்பற்றிப் பேசச் சொன்னார்கள். சும்மா பேசினால் நித்திரை கொள்வார்கள் என்று நான் வந்த பயணத்தையே பகிடியாகச் சொன்னேன். சைக்கிள் கரியரில் வந்தது, ஆமிச் சோதனையில் சவர்க்காரக் கட்டியை வெட்டிப் பார்த்தது, எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். அந்த உசாரில், எனக்கு அக்கா பிணை நிற்கிறா என்றும் சொன்னேன்.

அக்கா என்ன குற்றம் செய்தா என்று படம் கீறுகிறவர் கேட்டார். குற்றம் ஒன்றுமில்லை, நான் திரும்பிப் போவதற்குத்தான் பிணை என்றேன். போகாவிட்டால் என்றார். அக்காவைக் கூப்பிடுவார்கள் என்றேன். கூப்பிட்டு? என்றார்.

ஊரில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டிருந்த முகமெல்லாம் வெளிறிப்போய் என்னையே பார்த்தன. நான் பகிடி என்று சொன்னது பகிடியில்லை என்பது அந்த முகங்களைப் பார்த்துத்தான் எனக்கே உறைத்தது. பேச்சை அப்படியே விட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் டைரக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இங்கேயே களஞ்சியத்தில் வேலை இருக்கிறது, நிற்க விருப்பமென்றால் ஒழுங்கு செய்யலாம் என்றார். அக்காவுக்கும் ஏதாவது வழி பார்க்கலாம் என்று இழுத்தார். பொய் சொல்லக்கூடாது, எனக்கு ஆசை வந்தது. நெஞ்சு முழுக்க வந்தது. ஆனால் ‘கூப்பிட்டு?’ என்ற அந்தக் கேள்வி காதைவிட்டுப் போகவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

படம் கீறுகிறவர் அக்காவின் பிள்ளைகளுக்கென்று ஒரு பெரிய சொக்கிளேற் பெட்டி தந்தார். வெளிக்கிடும்போது ஆளியிலிருந்து கையை எடுத்து, என்னை நிற்பாட்டச் சொல்லித் தலையசைத்தார். நிற்பாட்டினேன். அன்றைக்கு இருட்டுக்குள்ளிருந்து சத்தம் வரவில்லை.

வவுனியா தாண்டி வருவதற்குள் சொக்கிளேற் உருகிக் களியாகிவிட்டது. அக்கா வீட்டுப் படலையைத் திறந்து பிள்ளைகளைக் கூப்பிட்டேன். சத்தமில்லை. ஆணியில் தொங்குகிற பள்ளிக்கூடப் பைகளையும் காணவில்லை. கிணற்றடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தா. பேயைக் கண்ட மாதிரி நின்றாவே தவிர, வா என்று சொல்லவில்லை.

"ஏன் வந்தனீ?" என்றா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன்.

"தண்ணீரூற்றுப் பக்கம் மாமியிட்டை விட்டிட்டன். என்னைக் கூப்பிடேக்கை அதுகள் பக்கத்திலை நிக்கக்கூடாது."

"நான் வருவன் எண்டுதானே போனனான், அக்கா?"

"நீ அப்பிடித்தான் போனனீ," என்றா. அரிசிச் சட்டியைக் கீழே வைத்தா. கோபமா அழுகையா என்று தெரியாத குரல். "நீ வரமாட்டாய் எண்டு நினைச்சுத்தான் நான் பிணை நிண்டனான்."

உருகின பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அக்கா திரும்பவும் குனிந்து, சட்டிக்குள் இன்னொரு பிடி அரிசி போட்டா.