பார்க்காமல் ஊதிய விசில்

ஹாஸில்ராய்டு நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் செட்ரிக் பேர்ட்சால். கீழே இறங்குகிற ஒவ்வொருவனும் அவருடைய ஜன்னலில் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்து விளக்கை வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். எந்த வில்லை யாருடையது என்று எண்ணைப் பார்க்காமலே சொல்வார். எதிரே கேன்டீனில் டீ ஊற்றுகிறவள் நான். ஷிப்ட் ஆட்கள் இறங்கியதும் ஒரு குவளை டீக்கு வருவார். எப்போதும் கதவோர மேஜை, எப்போதும் தனியாக.

அதற்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமைகளில் அவர் ரக்பி லீக் நடுவர். பதினேழு வருடமாக யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் சேற்றில் ஓடி விசில் ஊதியவர். இன்று ஒருவனோடு பீர் குடித்துவிட்டு நாளைக்கு அவன் தம்பியை மைதானத்தை விட்டு வெளியேற்ற முடியாது என்பார். அதனால் யாரோடும் குடிப்பதில்லை. கல்யாணமும் ஆகவில்லை. அண்ணன் லெனோடு ஸ்டேஷன் தெருவில் ஒரே வீட்டில் இருந்தார். லெனும் கட்டைப் பிரம்மச்சாரிதான். ஆனால் அவருக்கு ஆக்கன்லி அணி இருந்தது. எங்கள் கிராமத்திலிருந்து ஆறு மைல் தள்ளியிருக்கிற ஆக்கன்லிதான் எங்கள் எல்லோருக்கும் அணி. எங்கள் ஆட்கள் நாலு பேர் அதில் ஆடினார்கள்.

எழுபத்து மூன்றாம் வருடம் கோப்பை இறுதிப் போட்டிக்கு நடுவராகச் செட்ரிக்கை நியமித்துக் கடிதம் வந்தது. நடுவர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இரண்டு வாரம் கழித்து அரையிறுதியில் ஆக்கன்லி ஜெயித்தது. முப்பத்துநாலு வருடம் கழித்து வெம்பிளிக்குப் போகிறோம். செட்ரிக் நியாயமாகத் தன் நியமனத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். எதிரே ஆடப்போகிற லங்காஷயர் அணிக்காரர்களே திருப்பிக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "பேர்ட்சால் தன் அம்மாவுக்கு எதிராகவே பெனால்டி ஊதுகிறவன், அவனே இருக்கட்டும்" என்றார்களாம்.

அன்றிலிருந்து அவருடைய ஜன்னலில் ஒரே கும்மாளம்.

"செட்ரிக்கண்ணே, விளக்கு ரெண்டு கொடுங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு வெம்பிளியில உங்களுக்கு!"

"சனிக்கிழமை எங்க வீட்ல வாத்து வறுவல். ஜெயிச்சா ஒரு கால் உங்களுக்குத்தான்."

அவர் சிரிக்கமாட்டார். வீட்டிலும் லெனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆட்டம் முடியும்வரை இந்த வீட்டில் ஆக்கன்லி என்ற பேச்சே கூடாது. லெனும் சகித்துக்கொண்டார். ஆனால் செட்ரிக் கிளம்புகிற அன்று காலை கழுத்தில் ஆக்கன்லி நிறத் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று, "டேய், நான் ஒண்ணும் கேக்கலை. கண்ணை நல்லாத் திறந்து வச்சுக்க, அவ்வளவுதான்" என்றாராம்.

நான் கிராமத்துப் பஸ்ஸில் போனேன். ஒன்பது பஸ் போனது. கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர்கள் பத்து, நாங்கள் எட்டு. பந்து இடப்பக்கம் வந்தது. டெரிக் காப்ளி வாங்கினான். எங்கள் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுகிற பையன், இருபத்துமூன்று வயது, காற்று மாதிரி ஓடுவான். மூலைக் கொடியைப் பார்த்துப் பாய்ந்தான். மூன்று பேர் அவன் மேல் விழுந்தார்கள். கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை அழுத்திவிட்டால் அது ட்ரை, மூன்று புள்ளி, கோப்பை எங்களுக்கு. காப்ளி குவியலிலிருந்து எழுந்து இரண்டு கையையும் தூக்கினான். எங்கள் பக்கம் மொத்தமும் எழுந்து கத்தியது. யார் என்னைக் கட்டிப்பிடித்தார்கள் என்றுகூடத் தெரியாது.

செட்ரிக் விசில் ஊதினார். கையை ஆட்டினார். பந்து கோட்டுக்கு முன்பே கைநழுவிவிட்டது, ட்ரை கிடையாது.

அவ்வளவுதான். தோற்றோம்.

பஸ்ஸில் ஊர் திரும்புகிறவரை யாரும் பாடவில்லை. செட்ரிக் மறுநாள் ரயிலில் தனியாக வந்தார். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு இரண்டு நிமிட நடை. அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் நிற்காதவர்கள் கிடையாது. அன்று எல்லோரும் நின்றார்கள், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் லென் அவருக்கான சாப்பாட்டை அடுப்பில் சூடாக வைத்துவிட்டு மாடிக்குப் போயிருந்தார்.

திங்கட்கிழமை விளக்கறை ஜன்னலில் யாரோ ஒரு கறுப்புக் கண்ணாடியையும் குருடர்களின் வெள்ளைக் கம்பையும் சாத்தி வைத்திருந்தார்கள். அவர் அவற்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டு விளக்குகளைக் கொடுக்க ஆரம்பித்தார். வில்லைகளைக் கையில் தராமல் பலகையில் வீசிவிட்டுப் போனார்கள். கேலி இரண்டு வாரம் இருந்தது. கேலி நின்ற பிறகு வந்த அமைதிதான் கொடுமை. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கேமரா மைதானத்தின் எதிர்ப்பக்கம் இருந்தது. முதுகுகள்தான் தெரிந்தன, பந்து தெரியவில்லை. அதனால் அவரவர் விரும்பியதைப் பார்த்தார்கள்.

வீட்டில் லென் சமைப்பார், துவைப்பார், அடுப்புக்குக் கரி போடுவார். பேசமாட்டார். ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் ரேடியோவைப் பார்த்துச் சொல்வார்.

ஜூலையில் ஒருநாள் கேன்டீன் காலியாக இருந்தபோது செட்ரிக் குவளையோடு என் மேஜைக்கே வந்தார். அப்படி வந்தது அதுதான் முதல்முறை.

"வின்னி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"நான் பார்க்கலை."

"எதை?"

"பந்தை. மூணு பேரு குறுக்க இருந்தாங்க. பத்து கெஜம் பின்னாடி நின்னேன். வயசாயிடுச்சு, கூடவே ஓட முடியலை. கோட்டோரம் கொடியோட நிக்கிற நடுவரைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்குறான். ஏதாச்சும் சொல்லியாகணும். சொல்லிட்டேன்."

"சந்தேகம்னா கொடுத்திருக்கலாமே" என்றேன்.

"நம்ம ஆளுங்கன்றதால கொடுத்துட்டேனோன்னு காலம்பூரா அரிக்கும்னு அந்த ஒரு நொடியில தோணுச்சு. இப்ப இது அரிக்குது."

காப்ளியிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அந்த ஞாயிறே போனார். மறுநாள் என்னிடம் வந்து சொன்னதைத்தான் இப்போது சொல்கிறேன்.

கதவைத் திறந்த காப்ளிக்கு இவரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டதாம். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. "வாங்க மிஸ்டர் பேர்ட்சால், நடக்கலாம்" என்று கால்வாய்ப் பக்கம் கூட்டிப்போனான். இவர் வாயைத் திறக்குமுன் அவன் சொல்லிவிட்டான்.

"நழுவிடுச்சுங்க. கோட்டுக்கு ஒரு சாண் முன்னாடியே. நீங்க சரியாத்தான் பார்த்தீங்க."

செட்ரிக் நின்றுவிட்டார். "அப்புறம் ஏன் கையைத் தூக்கின?"

"எந்திரிச்சதும் அத்தனை பேரு கத்துறாங்க. கை தானாப் போயிடுச்சு. அப்புறம் எறக்க முடியலை. ஊர்ல என்னை இன்னைக்கு வரைக்கும் காசு கொடுத்துக் குடிக்க விடமாட்டேங்குறாங்க. எங்கப்பா படுத்த படுக்கையா இருக்காரு, 'எம் மவன் ட்ரையைத் திருடிட்டாங்க'ன்னு பார்க்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாரு. நான் எப்படிச் சொல்றது?"

பிறகு செட்ரிக் சொன்னார்: "நான் சரியாப் பார்க்கலைப்பா. பார்க்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பையன் அழுதுவிட்டானாம். "சொல்லிடுவீங்களா?"

"எதைச் சொல்ல? உன்னுதைச் சொன்னா என்னுதையும் சொல்லணும். என்னுதை மட்டும் சொன்னா உன் பொய் உண்மைன்னு நின்னுடும். போ, உங்கப்பாவைப் பாரு."

இதையெல்லாம் அவர் சொல்லக் கேட்டு நான் கொதித்துப்போனேன். "லென்கிட்டயாவது சொல்லுங்க! நீங்க சொன்னது சரின்னு தெரிஞ்சா அவரு பேசுவாரு!"

"சரியாப் போச்சுன்றது வேற வின்னி. அது குருட்டு அதிர்ஷ்டம். அண்ணன் கண்ணைத் திறந்து வச்சுக்கன்னாரு. திறந்துதான் வச்சிருந்தேன், ஒண்ணும் தெரியலை. அதை எப்படிச் சொல்றது?"

என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த வாரமே நடுவர் வேலையை விட்டுவிடுவதாக எழுதிப்போட்டார். பயந்து ஓடிவிட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது.

லென் இரண்டரை வருடம் பேசவில்லை. பிறகு ஒருநாள், மழை பிடித்தபோது, கொல்லையிலிருந்து "டேய், துணியை எடு" என்று கத்தினாராம். எடுத்தார். அன்றிலிருந்து பேச்சு வந்தது, ஆனால் துணி, கரி, சாப்பாடு, அவ்வளவுதான். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. லென் சாகும்வரை அப்படியே. காப்ளி அப்பா இறந்த பிறகு ஆஸ்திரேலியா போய்விட்டான். அங்கிருந்து கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். பெயர் மட்டும் எழுதியிருக்கும்.

ஒவ்வொரு மே மாதமும் இறுதிப் போட்டியன்று ஊரே டிவி முன்னால் இருக்கும். செட்ரிக் பஸ் ஏறிப் பிரிட்லிங்டன் கடற்கரைக்குப் போய்விடுவார். சுரங்கம் மூடின பிறகு ஒரு வருடம் நானும் கூடப் போனேன். நல்ல குளிர். கடல் சுவரில் உட்கார்ந்து மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றோம். அவர் அதிகம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆட்டம் தொடங்குகிற மூன்று மணி அடித்தபோது மட்டும் கையிலிருந்ததைக் காகிதத்தில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி எடுத்துத் தின்றார்.

திரும்பும்போது பஸ் ஓட்டுநர் ரேடியோவில் கேட்டதை எல்லோருக்கும் உரக்கச் சொன்னான், யார் ஜெயித்தார்கள், எத்தனைக்கு எத்தனை என்று.

செட்ரிக் முன்னால் குனிந்து கேட்டார்: "நடுவர் யாரு?"

"அது யாருக்குத் தெரியும் பெரியவரே" என்றான் அவன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.