மெஷின் வரும் வரைக்கும்

புது கேம் கன்சோல் சொன்ன தேதிக்கு வராது என்று அந்தக் கம்பெனி அறிவித்த அன்று, உலகம் முழுக்க உட்கார்ந்து திட்டியவர்களில் நானும் ஒருத்தி. நாற்பதைத் தாண்டியவள், அரசு அலுவலகத்தில் எழுத்தர், போலகத்திலிருந்து காரைக்காலுக்கு தினமும் ஸ்கூட்டியில் போய்வருகிறவள். உனக்கும் விளையாட்டு மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் பிள்ளையைப் பேசவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

கணவரும் நானும் பிரிந்தபோது, மகன் அப்பாவோடு பிரான்சுக்குப் போவதென்று முடிவானது. அவர்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. "அங்க போனாத்தான் படிப்பு. இங்க வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்று என் கூடப் பிறந்தவர்களே கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்த பாஸ்போர்ட்டை எதிர்த்து வாயைத் திறந்த தாயை நான் பார்த்ததில்லை. நானும் திறக்கவில்லை.

போன புதிதில் ஃபோன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். சாப்பிட்டியா என்றால் ம். பள்ளிக்கூடம் எப்படி என்றால் ம். குளிருதா என்றால் அதற்கும் ம். வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னால் கூரையில் இருக்கும் விளக்கைக் காட்டுவான். ஃபோனை வைத்த பிறகு எனக்கு ஆத்திரமாக வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

அடுத்த விடுமுறைக்கு வந்தவன் தன்னுடைய பழைய கன்சோலைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அவனுக்கு அப்பா வேறொன்று வாங்கித் தந்திருந்தார். எங்கள் வீட்டு டிவியில் மாட்டி, "நீயும் கத்துக்கம்மா. நான் அங்கேருந்து ஆடுவேன், நீ இங்கேருந்து ஆடு" என்றான். லாரி ஓட்டுகிற ஆட்டம். மலைப்பாதையில் சரக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு லாரிகள் போகும். முன்னால் அவன், பின்னால் நான். ஆரம்பத்தில் நான் சாலையில் இருந்ததைவிடப் பள்ளத்தில் கிடந்ததுதான் அதிகம்.

அவன் திரும்பிப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மாறிப்போயின. அங்கே மதியச் சாப்பாடு முடியும்போது இங்கே சாயங்காலம். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவேன். ஃபோனில் ம் கொட்டியவன் லாரியில் ஏறியதும் வாயை மூடமாட்டான். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் மீனுக்கு மிளகாயே போடாத அநியாயம், அப்பா வேலையிலிருந்து வர நேரமாகிற நாட்களில் அவனே போட்டுக்கொள்ளும் முட்டை, கூடப் படிக்கிறவன் ஒருவன் அவன் பேரைச் சொல்லத் தெரியாமல் வைத்த பட்டப்பேர், எல்லாம் வரும். ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டே, "நேத்து அழுதேம்மா" என்றான். எனக்குக் கை ஓடவில்லை, லாரி உருண்டு போனது. அதைப் பார்த்து அவன் சிரித்தான். பிறகு ஏன் அழுதான் என்று சொன்னான். எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் இதையெல்லாம் சொல்லாது.

அப்போதுதான் புது கன்சோல் வரப்போகிறதென்ற பேச்சு கிளம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தான். அங்கே ஒரு கடையில் அவன் ஆடிக்கொண்டிருந்த மெஷினை வாங்கிக்கொண்டு, முதலில் வந்து இறங்குவதில் ஒன்றை அவனுக்கென்று எழுதிவைத்துவிட்டார்களாம். அப்பாவிடம் அடம்பிடித்து எனக்கும் ஒன்று சொல்லிவைத்திருந்தான். "குறுவை அறுக்கறதுக்குள்ள வந்துடும்மா. அதுவரைக்கும் லாரிக்கு லீவு" என்றான். குறுவை அறுப்பை அவன் இன்னும் நினைவில் வைத்திருக்கிறானே என்று எனக்குப் பெருமை. கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டானே என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

குறுவை அறுத்தாகிவிட்டது. மெஷின் வரவில்லை. 'உங்கள் காத்திருப்புக்குத் தகுதியான ஒன்றைத் தர எங்களுக்கு இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும்' என்று கம்பெனி அறிவித்தது. இப்படிப் பணிவாகக் கழுத்தறுக்க எங்கேதான் கற்றுக்கொள்கிறார்களோ.

மகன் என்னைச் சேர்த்துவிட்ட தமிழ் கேமர் குழு ஒன்று ஃபோனில் இருந்தது. அன்று அது கொதித்தது. முன்பணத்தைத் திரும்ப வாங்குவோம் என்று ஒரு கூட்டம். அரைகுறையாகக் கொடுப்பதற்குப் பதில் மெதுவாகவே வரட்டும் என்று இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவில் மீம் போடுகிறவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். புது மெஷினுக்காக லீவு சொல்லி வைத்திருந்த ஒருவன், அந்த லீவில் மாமியார் வீட்டுக்குப் போகவேண்டியதாகிவிட்டது என்று புலம்பினான். திருநள்ளாற்றில் லாட்ஜ் வைத்திருப்பவரின் மகன், "சனிப்பெயர்ச்சிகூட சொன்ன தேதில வந்துடுது, இவனுங்க வர மாட்டேங்குறானுங்க" என்று எழுதினான். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, எல்லாரையும்விடக் காட்டமாகத் திட்டி எழுதினேன். என்னை யாரோ வேலை இல்லாத பையன் என்று நினைத்து "மாஸ் ப்ரோ" என்றார்கள்.

லாரிக்கு லீவு விட்ட நாளிலிருந்தே எனக்கு மறுபடியும் ஃபோன்தான். கூப்பிட்டால் ஒன்றிரண்டு ம். போகப்போக அதுவும் இல்லை. எடுக்கவே மாட்டான். கொஞ்ச நேரம் கழித்து, 'வெளியே இருக்கேன்', 'படிக்கிறேன்', 'அப்புறம்' என்று எழுதி அனுப்புவான். அவன் அப்பாவிடம் கேட்டேன். "வயசு அப்படி. எங்கிட்டயே பேச மாட்டேங்குறான். ரூம விட்டு வந்தாத்தானே?" என்றார். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே படகில் இருந்தோம்.

அடைமழைக் காலத்தில் இரண்டாவது முறையாகத் தள்ளிவைத்தார்கள். இந்த முறை குழுவில் பாதிப் பேருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. எனக்கு இருந்தது. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டேன். எடுத்த பெண் தமிழில் பேசினாள்.

"உங்க ஏமாற்றம் எங்களுக்குப் புரியுது மேடம். ஆர்டர் நம்பர் சொல்லுங்க."

"ஆர்டர் இங்க இல்லம்மா. பிரான்சுல என் பிள்ள பேருல இருக்கு."

"அப்படின்னா நீங்க எங்க கஸ்டமர் இல்லையே மேடம்."

அவள் சொன்னது சரிதான். அதனால்தான் அவ்வளவு வலித்தது. மெஷின் வாங்குகிறவள் இல்லை. விளையாட்டுப் பைத்தியமும் இல்லை. பிள்ளையை வளர்க்கிறவள் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. குழுவுக்குள் போய், 'என் பிள்ளை எங்கூடப் பேசுறது இந்த மெஷின்லதான். சீக்கிரம் குடுங்கடா' என்று எழுதினேன். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. "ப்ரோ, ஒரு பொம்ம சாமானுக்கு இவ்ளோ எமோஷனா?" என்று ஒருவன் கேட்டான். ஒரு பெரிய பதிலை எழுதினேன். படித்துப் பார்த்து அழித்துவிட்டேன்.

சம்பாவும் அறுத்து, வயல் காய்ந்து, உளுந்தும் எடுத்த பிறகுதான் அது கடைகளுக்கு வந்தது. குழுவில் ஆளாளுக்குப் பெட்டியைப் பிரிக்கிற படம். போன வாரம்வரை திட்டியவர்கள் இப்போது அதைத் தடவித் தடவிப் புகழ்ந்தார்கள். எனக்கான மெஷின், அங்கிருந்து ஊருக்கு வந்த உறவுக்காரர் ஒருவரின் பெட்டியில், சாக்லேட்டுக்கும் கம்பளிக்கும் நடுவே வந்து சேர்ந்தது. 'ஞாயித்துக்கிழமை லாரி' என்று மகன் எழுதியிருந்தான். இரண்டே வார்த்தை. அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்த ஞாயிறு தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் கட்டிக்கொண்டேன். திரையில் அவன் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்தது. ஹெட்செட்டில் மூச்சு கேட்டது. பிறகு, "அலோ" என்று ஓர் ஆளின் குரல்.

அவன் அப்பாவின் குரல் இல்லை. சிநேகிதன் யாராவது வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"தம்பி, நான் அவன் அம்மா பேசுறேன். அவன் பக்கத்துல இருக்கானா? கொஞ்சம் குடுங்களேன்."

என் தமிழ் புரியவில்லையோ என்று, பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வார்த்தை வார்த்தையாகக் கூட்டத் தொடங்கினேன்.

"அம்மா," என்றது அந்தக் குரல். "நான்தாம்மா."

ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"குரல் ஒடஞ்சு கண்றாவியா இருந்துச்சும்மா. பேசுனாலே கிளாஸ்ல சிரிச்சானுங்க. அதான் யார்கிட்டயும் பேசல. இப்பச் சரியாயிடுச்சு, இல்ல?"

"சரியாயிடுச்சுப்பா," என்றேன். நல்ல குரல்தான். கனமாக, தெளிவாக இருந்தது. பிறந்த அன்றைய முதல் அழுகையிலிருந்து எனக்குப் பழக்கமான அந்தப் பழைய குரல் எந்தக் கிழமை, எந்த அறையில், யார் முன்னால் போனது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் இனி வழி கிடையாது.

அவன் லாரியைக் கிளப்பினான். புது மெஷினில் மலை, மரம், மழை எல்லாம் அசல்போலவே இருந்தன. அவன் பேச ஆரம்பித்தான், விட்ட இடத்திலிருந்து. தேம்பல் அவனுக்குக் கேட்கக்கூடாது என்று நான் மைக்கை அணைத்தேன். என் லாரி நின்ற இடத்திலேயே நின்றது.

"அம்மா? இருக்கியா? என்னம்மா ஆச்சு?" என்று யாரோ ஒரு பெரிய பையன் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தான்.