சீட்டில் இல்லாத மீன்கள்

ஹாலில் இருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டும் சத்தம். அடுப்படியில் பாலைப் பார்த்துக்கொண்டு நின்ற கலரக்கா நிமிர்ந்தாள். அந்தத் தட்டலை அவள் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவாள். ஏசியோ, ஃபிரிட்ஜோ, இரண்டு தட்டுத் தட்டித்தான் அவர் கோளாறைக் கண்டுபிடிப்பார். அவர், அவளுடைய கணவர். ஏசி மெக்கானிக். இரண்டு வருஷம் மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவர் மாதிரி வந்து நிற்கிறார்.

கதவைத் திறந்தபோது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். கையில் ஒரு பெரிய துணிப்பை. பையோடு வந்திருக்கிறார். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. “உள்ள வாங்க” என்று சொன்னது தன் வாய்தானா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. நேரே அடுப்படிக்கு வந்து இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்தாள். இரண்டாவது டம்ளர் அந்த அலமாரியை விட்டு இறங்கி எத்தனையோ நாளாயிற்று.

இனி இந்த மனுஷன் முகத்தில் விழிப்பதில்லை என்று மூன்று மாதத்துக்கு முன்னால் சபதம் செய்தவள்தான் அவள். பாழாய்ப்போன மனசு, ஒரு துணிப்பையைப் பார்த்ததும் அத்தனையையும் மறந்துவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. தங்க வந்திருக்கிறாரா, தலையைக் காட்டிவிட்டுப் போக வந்திருக்கிறாரா? பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

கலரக்கா என்பது ஆலையில் வைத்த பெயர். உடுப்புத் தைக்கும் அந்த ஆலைக்குச் சாயம் ஏறி வரும் துணிகளை, மாதிரித் துண்டோடு வைத்து நிறம் ஒத்துப் பார்ப்பது அவள் வேலை. இருட்டறை, அதற்குள் சாம்பல் நிறம் பூசிய ஒரு பெட்டி, பெட்டிக்குள் மூன்று விதமான விளக்குகள். ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும் இரண்டு துண்டுகள், அடுத்த விளக்கைப் போட்டதும் ஒன்று பழுத்தும் ஒன்று கறுத்தும் பிரிந்து நிற்கும். கலரக்காவிடம் விட்டால் வானவில்லையே ‘ரிஜெக்ட்’ என்று திருப்பி அனுப்பிவிடுவாள் என்று சூப்பர்வைசர் கேலி செய்வார். அப்படிப்பட்ட கண் அது. வீட்டுக்குள் மட்டும் அந்தக் கண் ஏனோ ஒரே விளக்கில் பார்த்துப் பழகிவிட்டது.

ஹாலில் இருக்கும் அந்த இரண்டடிக் கண்ணாடி மீன்தொட்டியை அமைத்தவர் அவர்தான். அடியில் மண் பரப்பி, மேலே பொடிக்கல் தூவி, இடுக்கியால் ஒவ்வொரு செடியாக ஊன்றினார். நாடா மாதிரி நீண்ட புல் பின்பக்கம், அகல இலைச் செடி நடுவில், பாசி கட்டிய மரக்கட்டை ஓர் ஓரம். வீட்டில் குழந்தை குட்டி இல்லை; பார்க்க ஏதாவது உயிர் இருக்கட்டும் என்று அவள்தான் கேட்டிருந்தாள். மீன் எங்கே என்று அவள் அவசரப்பட்டபோது, செடி வேர் பிடிக்க வேண்டும், தண்ணீர் பக்குவப்பட வேண்டும், ஒரு மாதம் போகட்டும், அப்புறம் கலர் கலராக இறக்குகிறேன் என்றார்.

மூன்றாவது வாரம், வெளியூரில் வேலை என்று கிளம்பினார். மறுநாள் துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஒரு சீட்டு கிடைத்தது. அவர் கையெழுத்தில் மீன் பெயர்கள். ஏஞ்சல் நாலு, நியான் பத்து, முத்து கௌராமி ஒரு ஜோடி என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் நேரே பச்சை மையில் ஒரு டிக். என்ன அக்கறையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார் என்று பூரித்துப்போய், அதைத் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தாள்.

ஒரு மாதம் ஆறு மாதமாயிற்று. ஃபோனை எடுக்கவில்லை, பிறகு அந்த எண்ணே இல்லாமல் போனது. அவள் ஆலைவிட்டு வந்ததும் தொட்டி விளக்கைப் போடுவாள், இலை கழிப்பாள், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவாள். ஃபில்டர் முணுமுணுவென்று ஓடிக்கொண்டே இருக்கும். கீழ்வீட்டு அக்காவுக்கு வேடிக்கை. “ஏன்டி, மொட்டைமாடியில இருக்கிற தண்ணித் தொட்டிக்கும் ஒரு லைட்டைப் போடேன். அதுலயும்தான் மீன் இல்ல” என்பாள். அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் பஸ் நிறுத்தத்தில் வைத்து, அவர் வெளியூரெல்லாம் போகவில்லை, இதே ஊரில் வேறொரு வீட்டில் இருக்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கலரக்கா நம்பவில்லை.

“விட்டுட்டுப் போற மனுஷன் மீனுக்குச் சீட்டு எழுதி வச்சுட்டுப் போவாராண்ணே?” என்று அவரையே திருப்பிக் கேட்டாள்.

அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டுதான் பாவம் இரண்டு வருஷத்தை ஓட்டினாள். விளக்கு வெளிச்சம் பட்டுப்பட்டு எழுத்து வெளுத்துவிட்டது. முழுவதும் அழிவதற்குள் மீன்களை வாங்கி விட்டுவிடலாம், அவர் வரும்போது எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று தோன்றியது. சீட்டின் பின்பக்கம் கடையின் பெயர் அச்சடித்திருந்தது. தேடிக்கொண்டு போனாள்.

மீன்கடைக்காரர் வயதானவர். சீட்டைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்தார்.

“இது நான் போட்ட டிக்காச்சேம்மா. ஒவ்வொரு மீனையும் பையில கட்டினதும் பச்சையில ஒண்ணு போடுவேன், விட்டுப்போயிடக் கூடாதுன்னு. இதுல எல்லாத்துக்கும் போட்டிருக்கே. இதெல்லாம் வாங்கியாச்சே.”

“வாங்கலைங்க. தொட்டி காலியாத்தான் இருக்கு.”

“நானே கொண்டுவந்து விட்டுட்டுப் போனேனேம்மா. நாலடித் தொட்டி. பச்சைக் கதவு போட்ட வீடு. பாப்பாகூட ஸ்டூல்ல ஏறி நின்னு பாத்துச்சே.”

கடை முழுவதும் தொட்டிகள் குமிழ்விட்டுக்கொண்டிருந்தன. கலரக்காவின் காதில் அந்தச் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

“எங்க வீட்டுக் கதவு நீலம்” என்றாள்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாகத் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்த அந்தப் பச்சைக் குறிகள், இன்னொரு வீட்டுக்கு மீன் போய்ச் சேர்ந்த அடையாளம். வேலை முடிந்த சீட்டு. கசக்கி எறிய மறந்து சட்டைப் பையில் கிடந்த சீட்டு. நிறம் பார்ப்பதே பிழைப்பாகக் கொண்டவளுக்கு இந்தப் பச்சை மட்டும் தெரியாமல் போயிற்றே!

அழுகை வரவில்லை. எழுந்து நின்றாள்.

“இந்தச் சீட்டுல இல்லாததா காட்டுங்க” என்றாள்.

பெரியவர் ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினார். இரண்டடிக்கு ஏஞ்சல் வேண்டாம், முதுகு நிமிர்த்த இடம் போதாது. அதிலும் நியானையும் ஏஞ்சலையும் ஒன்றாகப் போடாதீர்கள் என்று அன்றைக்கே அந்த ஆளிடம் சொன்னதாகவும், அவர் கேட்கவில்லை என்றும் முணுமுணுத்தார். சிறியதாக இருக்கும்போது எல்லாம் ஒற்றுமையாகத்தான் நீந்தும். வளர்ந்தபிறகு வாய்க்குள் போகும் அளவில் இருப்பதெல்லாம் ஏஞ்சலுக்கு இரைதானாம். அடர்ந்த செடிக்கு முன்னால் நீலம் அமுங்கிப் போகும், சிவப்புதான் எழும்பும் என்று கலரக்கா சொன்னபோது, மீன் வளர்த்த அனுபவமா என்று அவர் வியந்து பார்த்தார். கடைசியில் ஒரு மூலைத் தொட்டிக்கு முன்னால் அவள் நின்றாள். நகத்தளவு மீன்கள். அணைந்த கங்கு மாதிரி, சிவப்பென்றும் சொல்ல முடியாத ஒரு மங்கல்.

“இங்க வெளிறித்தான் இருக்கும்மா. ஒளிய இடமில்லாத தொட்டி, பயந்து கிடக்கு. செடிக்குள்ள விட்டா பத்து நாள்ல நிறம் ஏறிடும். ஆனா கூட்டமா வாங்கணும். ஒண்ணு ரெண்டா விட்டா மூலையில போய் ஒடுங்கிடும்.”

“தெரியும்” என்றாள்.

அந்தக் கங்கு மீனில் பத்து, தரையில் மேயும் மீசை மீன் ஆறு, தேன் நிறத்தில் சின்ன கௌராமி ஒரு ஜோடி. வீட்டுக்கு வந்து பைகளைப் பிரிக்காமல் தொட்டியில் மிதக்கவிட்டாள். தண்ணீரின் சூடு பழக அரை மணி நேரம் ஆகும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அந்த அரை மணி நேரமும், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பையை அவிழ்த்தாள். பெரியவர் சொன்னபடியே பத்தாம் நாள் நிறம் ஏறியது.

இப்போது அந்த மீன்களுக்கு முன்னால்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். டீயோடு ஹாலுக்கு வந்தாள். தொட்டி விளக்கில் அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. இளைத்திருந்தார். காது ஓரம் நரைத்திருந்தது. சட்டையில் இரண்டாவது பொத்தான் வேறு நிறம். அதைப் பார்த்ததும், ஊசிநூல் எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவள் யோசித்தாள். வாயைத் திறந்து, இருந்துடறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பச்சைக் கதவை மறந்துவிடக்கூட அவள் தயாராக இருந்தாள்.

“யார் போட்டது இந்த மீனெல்லாம்?”

“நான்தான்.”

“ஏஞ்சல் போடலையா?”

“ரெண்டடித் தொட்டிங்க.”

“அதுவும் சரிதான். அங்க நாலடியிலயே தாங்கல. பத்து நியானையும் முழுங்கிடுச்சு.” சொன்ன பிறகுதான் ‘அங்க’ என்ற சொல் நாக்கிலிருந்து விழுந்துவிட்டது அவருக்கு உறைத்தது. டீயை எடுத்து அவசரமாகக் குடித்தார், சுட்டுக்கொண்டார். டம்ளரைக் கீழே வைத்தார். துணிப்பையை மடியில் வைத்துத் தடவினார். பை தட்டையாக மடங்கியது. உள்ளே ஒரு துணிகூட இல்லை.

“ஒண்ணும் இல்ல. அங்க ஃபில்டர் மோட்டார் போயிடுச்சு. தண்ணி கலங்கிப் போய், பாப்பா ஒரே அழுகை. இங்க மீன் இல்லாம சும்மாதானே ஓடிட்டிருக்கும்னு…”

ஃபில்டர் முணுமுணுத்தது. செடிகளுக்கு நடுவில் பத்து மீன்களும் ஒரே திசையில் திரும்பின. கலரக்கா குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“ரெண்டு வருஷம் சும்மாதான் ஓடுச்சு. அப்ப வந்து கேட்டிருந்தா, கழட்டித் தொடச்சுக் குடுத்திருப்பேன். இப்பக் கழட்டினா இதுங்க செத்துடும்.”

அவர் தலையை ஆட்டினார். பையை இரண்டாக, நாலாக மடித்தார். எழுந்தார். அவள் அலமாரியைத் திறந்து, வெளுத்த சீட்டை எடுத்து நீட்டினாள். “இது உங்களுது. அன்னிக்குச் சட்டையில விட்டுட்டுப் போயிட்டீங்க.” அவர் வாங்கிப் பார்த்தார். அந்தப் பச்சைக் குறிகளைப் பார்த்தார். நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்க்க அவரால் முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அவள் கதவைச் சாத்தவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் திருப்பத்தில் காலடிச் சத்தம் நின்றது. அவள் மூச்சும் நின்றது. திரும்பி வருவாரோ? கீழ்வீட்டுக் குழாயில் யாரோ தண்ணீர் பிடித்தார்கள். காலடி மறுபடி கேட்டது. கீழ்நோக்கித்தான். கடைசிப் படியும் முடிந்து, தெருச் சத்தத்தில் அது கரைந்துபோகிறவரை கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, அந்த நீலக் கதவை மெல்லச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.