மாசி பதினாலும் கும்பம் பதினாலும்

தனியாகத் தொழில் நடத்தும் வக்கீல்களுக்குப் பயன்படும்படி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று பழைய சங்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். என்னென்ன புத்தகம் வாங்க வேண்டும், வழக்குக் கட்டுகளை எப்படி அடுக்க வேண்டும், டயரி எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், இந்த மாதிரி. எழுத உட்கார்ந்தேன். புத்தகத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியதுமே அலுத்துவிட்டது. நான் தொழில் ஆரம்பித்தபோது இருந்த புத்தகங்களில் பாதியைக் கரையான் படித்து முடித்துவிட்டது. மீதியை நான் படித்தேன். இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பாலக்காட்டுப் பக்கம், முன்சிப் கோர்ட்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் ஒரு அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, 'ர' விழாத டைப்ரைட்டர், அரை குமஸ்தா. அரை என்றால், காலையில் எனக்கும் மாலையில் எதிர் அறை வக்கீலுக்கும். குமஸ்தா பாலக்காட்டுக்காரர். நான் சட்டக் கல்லூரியில் கற்றதைவிட அதிகம் அறிந்தவர், அதை எனக்கு மறக்கவும் விடாதவர்.

கட்சிக்காரர்கள் பெரும்பாலும் கிழக்கே எல்லையோரத் தமிழ் விவசாயிகள். எருத்தேன்பதிப் பக்கம் விதைப்பு, கல்யாணம், கிணற்றுத் தண்ணீர் முறை எல்லாம் தமிழ் மாதக் கணக்கில்தான் நடக்கும். வாய்தா தேதியைக் குமஸ்தா இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய், யாரிடமாவது படிக்கச் சொல்லி, பாதிப் பேர் தவறிய நாளில் வருவார்கள். அதனால் நானே ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். என் சுவரில் கோயமுத்தூர் நாள்காட்டி ஒன்று தொங்கியது. அதைப் பார்த்து, தமிழ் மாதத் தேதியை மட்டும் பெரிய எண்ணில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது.

"சாரே, இங்கிலீஷ் தேதியும் கூட எழுதணும்" என்றார் குமஸ்தா.

"ரெண்டு தேதி எழுதினால் அவர்கள் குழம்புவார்கள்."

"ஒண்ணு எழுதினா நாம குழம்புவோம்" என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு வருஷம் அந்தச் சீட்டு ஒழுங்காக வேலை செய்தது. தவறான ஏற்பாடுகள் அப்படித்தான், நம்பிக்கை வரும் வரைக்கும் ஒழுங்காக நடக்கும்.

கூட்டுக் கிணற்று வழக்கு ஒன்று வந்தது. என் கட்சிக்காரர் ஐம்பது வயது விவசாயி, பிரதிவாதி. வழக்குப் போட்டவர் அவருடைய பங்காளி. கிணறு முழுக்கத் தன் பாகம், இவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று பங்காளி தடை கேட்டிருந்தார். இவரோ வாரத்தில் மூன்று நாள் தன் முறை என்றார். ஒன்றரை ஏக்கரில் கடலை பூவெடுத்து நின்றது. அந்தக் கிணற்றை விட்டால் அதற்கு வேறு தண்ணீர் கிடையாது. பங்காளி சாட்சி சொல்லி முடித்தாயிற்று. இவர் கூண்டில் ஏறுவதற்கு இரண்டு முறை வாய்தா வாங்கியாயிற்று. மூன்றாவது வாய்தாவே கடைசி என்று முன்சிப் எழுதிவிட்டார். நான் சீட்டில் 'மாசி 14' என்று எழுதிக் கொடுத்தேன்.

மாசி பதினாலு அன்று அவர் வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் அவகாசம் கேட்டேன். முன்சிப் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான். கட்சிக்காரரிடமிருந்து தகவல் இல்லை என்று சொல்லி வழக்கிலிருந்து ஒதுங்குவது. நின்று வாதாடியிருந்தால் தீர்ப்பு வாதத்தின்பேரில் வந்ததாகிவிடும், அப்புறம் அப்பீல்தான். ஒதுங்கினால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஆள் வராததால் வந்த ஒருதலைத் தீர்ப்பு. முப்பது நாளுக்குள் போதிய காரணம் காட்டி அதை நீக்கிக் கேட்கலாம். ஒதுங்கினேன். பங்காளிக்குத் தடை கிடைத்தது. சாயங்காலமே மோட்டார் அறையில் அவர் பூட்டுப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் கட்சிக்காரர் மாடியேறி வந்தார். வெளுத்த சட்டை, கையில் தூக்குப்போசி, நெற்றியில் திருநீறு.

"ஏனுங்க வக்கீலய்யா, இன்னைக்கு நம்மளைத்தானுங்க மொதல்ல கூப்புடுவாங்க?"

"நேற்றே கூப்பிட்டாயிற்று" என்றேன்.

அவர் சீட்டை எடுத்து நீட்டினார். "பதினாலுன்னுதானுங்க எழுதியிருக்குது. இன்னைக்குத்தானுங்க பதினாலு."

என் சுவரைப் பார்த்தேன். மாசி 15. குமஸ்தா பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விசாரித்ததில் விஷயம் இவ்வளவுதான். அந்த வருஷம் அவர் வீட்டில் தொங்கியது பாலக்காட்டில் விதை வாங்கிய கடை கொடுத்த மலையாளக் காலண்டர். எழுத்துத் தெரியாது, எண் தெரியும். கும்பம்தான் நம்ம மாசி என்று எல்லையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வேறொன்று. மாதம் பிறக்கும் நேரம் உச்சி தாண்டி, பொழுது சாய்வதற்குள் விழுந்தால், தமிழ்ப் பஞ்சாங்கம் அன்றைக்கே மாதத்தைத் தொடங்கிவிடும். மலையாளப் பஞ்சாங்கம் மறுநாளுக்குத் தள்ளிவிடும். அந்த மாசி அப்படிப் பிறந்தது. நேற்று எனக்குப் பதினாலு, அவருக்குப் பதிமூன்று.

"போச்சுங்களா?" என்றார்.

"போகவில்லை. மனுப் போடலாம்."

"கடலைக்கு இன்னும் பத்து நாளுங்க. அதுக்குள்ள தண்ணி உடோணும்."

குமஸ்தா வாய் திறந்தார். "சாரே, மஞ்சக் காமாலை போதும். டாக்டர் சர்ட்டிபிகேட் நான் வாங்கறேன். போன மாசம் மூணு பேருக்குக் காமாலை கொடுத்தாச்சு, அதனால இவருக்கு டைபாயிட் வெக்கலாம்."

இது கேலி அல்ல. எங்கள் கோர்ட்டில் வாய்தாவை யாரும் மறந்ததில்லை. எல்லோரும் படுத்த படுக்கையாகத்தான் இருந்தார்கள். எக்ஸ்பார்ட்டி மனுக்களை மட்டும் யாராவது படித்தால், அந்தத் தாலுகாவில் மக்கள் எப்படிப் பிழைத்திருந்தார்கள் என்று ஆச்சரியப்படுவார்கள்.

"டைபாயிடுங்களா?" என்றார் கட்சிக்காரர். "நேத்து நானு கெணத்துக்குள்ள எறங்கி சேறு வாரிட்டு இருந்தனுங்க. மேல நின்னு பாத்துட்டு இருந்ததே எங்க பங்காளிதானுங்க. கூட நாலு பேரு."

அதோடு டைபாயிட் குணமாயிற்று. மிச்சம் இருந்தது நடந்த உண்மை. அதைச் சொல்லக்கூடியவன் சீட்டு எழுதியவன்.

"உங்க பேரு கெட்டுப்போயிருமுங்களே" என்றார் அவர். உண்மையான அக்கறை.

நானே அபிடவிட் எழுதி, சத்தியம் செய்து, என் பிழை என்று கையெழுத்திட்டேன். சாட்சியாகிறவன் அதே மனுவில் வாதாடக் கூடாது. கூட்டாளி இல்லாதவனுக்கு அப்போதுதான் உறைக்கும். எதிர் அறைக்குப் போய் நின்றேன். "வாரும் ஜோசியரே" என்றார் அந்த வக்கீல். செய்தி எனக்கு முன்பே வராந்தாவைக் கடந்திருந்தது. ஆனாலும் வக்காலத்து வாங்கிக்கொண்டார்.

தடையை நிறுத்திவைக்க அவசர மனுவும் போட்டோம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், அவர்கள் ஆட்சேபம் சொல்ல அவகாசம், இடையில் முன்சிப்புக்கு நாலு நாள் விடுப்பு. கட்சிக்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். ஒரு முறை ஒரு கடலைச் செடியைப் பிடுங்கி வந்து என் மேஜைமேல் வைத்தார். இலை மடங்கியிருந்தது.

மனுப் போட்ட பதினேழாம் நாள் விசாரணை. அதற்குப் பிறகு இருபது வருஷம் எந்தக் கூண்டுக்கு முன்னால் நிற்கப் போகிறேனோ, அந்தக் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு சீனியர் மெல்ல எழுந்தார்.

"ஆக, வக்கீலுக்கு இன்றைக்கு என்ன தேதி என்று தெரியாது?"

"எனக்குத் தெரியும். கட்சிக்காரருக்கு வேறு தேதி என்பதுதான் தெரியாது."

"ராகுகாலமும் சீட்டில் எழுதுவதுண்டா?"

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். முன்சிப் தெற்கே இருந்து வந்த மலையாளி, தமிழ் மாதக் கணக்கு அவருக்குப் புதிது, சிரிக்கவில்லை. "இரண்டு காலண்டரும் எங்கே?" என்று கேட்டார். என்னுடையதைக் குமஸ்தா கொடுத்தார். கட்சிக்காரர் தன்னுடையதைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். டிராக்டர் படம் போட்டது. முன்சிப் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தார். அப்புறம் இரண்டுக்கும் சான்று எண் போடச் சொன்னார்.

வக்கீல் பிழையால் கட்சிக்காரர் கெடக் கூடாது என்று இரண்டு வரி எழுதி, எக்ஸ்பார்ட்டியை நீக்கினார். பங்காளி அன்று மாலை பூட்டைத் திறந்தார். கடலையில் கால்வாசி தேறியது. முழுக்கப் போகவில்லை என்று நான் சொன்னபோது, "ஆமாங்க" என்றார் கட்சிக்காரர். மரியாதைக்குச் சொன்ன ஆமாம் அது.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். வழக்கைப் பற்றிக் கேட்பார் என்று கட்டைப் பிரித்தேன்.

"அதில்லீங்க. அந்தக் காலண்டர் எப்பங்க கெடைக்கும்? எங்க தண்ணி மொறைய அதுலதானுங்க கோடு போட்டு வெச்சிருந்தோம். இப்ப ஊட்ல தெனமும் சண்டைங்க, யாரு மொறைன்னு."

சான்று எண் போட்ட ஆவணம் வழக்கு முடிந்து, அப்பீல் காலமும் கழிந்த பிறகுதான் கிடைக்கும், அதற்குத் தனி மனுப் போட வேண்டும் என்றேன். அவர் என் சுவரைப் பார்த்தார். அங்கே ஆணி மட்டும் இருந்தது.

"உங்குளுதும் போச்சுங்களா" என்றார். அந்த ஒரு மாதத்தில் முதல் முறையாக அவர் சிரித்தார்.

டயரியில் ஒரு தாளைக் கிழித்து அடுத்த வாய்தாவை எழுதினேன். இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, மலையாளத் தேதி, கிழமை. குமஸ்தா எட்டிப் பார்த்து, கிழமைக்குக் கீழே ஒரு கோடு போட்டார். கட்சிக்காரர் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, கிழமையை மட்டும் என்னைச் சொல்லச் சொன்னார். வியாழன் என்றேன். தலையாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். சீட்டு மேஜைமேலேயே கிடந்தது.